மணி ரெண்டு நாப்பது!

ராத்திரி மணி ரெண்டு நாப்பது. பண்ணைப்புரமே குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது. மேற்கே மலை இருக்கிற திசைகூடத் தெரியாத இருட்டு. ஜூன் மாசத்துக் காற்று, மாட்டுக் கொட்டத்துத் தகரத்தைப் பிடித்து உலுக்குகிறது. எங்கேயோ ஒரு கோம்பை நாய் விடாமல் குரைக்கிறது. கோம்பை எங்களுக்குப் பக்கத்து ஊர். காவலுக்குப் பேர் போன ஒரு நாய் இனத்துக்கே அந்த ஊரின் பெயர்தான். ராத்திரி முழித்திருக்க அந்த நாய்க்காவது ஒரு காரணம் இருக்கிறது. எனக்கு?

போன ஜூன் மாசம் வரைக்கும் என்னோட எல்லா ராத்திரியும் இப்படித்தான் பாஸ். அலாரம் கிடையாது, யாரும் தட்டி எழுப்பவில்லை. பத்து மணிக்குப் படுத்தால் பத்தே காலுக்குத் தூங்கிவிடுவேன். அதில் ஒரு பிரச்னையும் இல்லை. ஆனால், ரெண்டு நாப்பதுக்கு 'டக்'கென்று கண் திறந்துகொள்ளும். கூடக்குறைய ஐந்து நிமிஷம், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கப்புறம் விடிகிற வரைக்கும் ஃபேன் சுத்துவதை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து, ஜூன் வரை ஆறு மாசம்!

இதில் பெரிய காமெடி, எங்க ஊர்தான். இளையராஜா பிறந்த ஊர். தமிழ்நாட்டில் பாதிப் பேர் அவர் பாட்டைக் கேட்டுத்தான் தூங்குகிறார்கள். நைட் பஸ் டிரைவர்கள் அவர் பாட்டைக் கேட்டுத்தான் தூங்காமல் இருக்கிறார்கள். ஹாஸ்டலில் என் கதையைச் சொன்னதும் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, ''ராஜா ஊர்ல பொறந்துட்டு தூக்கம் வரலையா? ரெண்டு பாட்டைப் போட்டுக் கேளுடி!'' கேட்டேனே! ரெண்டு பாட்டு இல்லை, இருநூறு பாட்டு கேட்டேன். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் புல்லாங்குழல் வரும் என்பது மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

ஊரே டாக்டர்!

உடம்புக்கு எது வந்தாலும் டாக்டரிடம் போகச் சொல்கிற ஜனங்கள், தூக்கம் வரவில்லை என்றால் மட்டும் தாங்களே டாக்டர் ஆகிவிடுவார்கள். அம்மா, கசகசாவை அரைத்துப் பாலில் கலந்து கொடுத்தார். எதிர்வீட்டு அத்தை, ஜாதிக்காயை இழைத்துக் குடிக்கச் சொன்னார். சின்னமனூர் சித்தி, மருதாணிப் பூவைப் பறித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாயிற்று. கோயில் பூசாரி துன்னூறு போட்டு, கையில் கறுப்புக் கயிறும் கட்டியாயிற்று. ''பாப்பாவுக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கு'' என்பது அவர் ரிப்போர்ட்.

ஹாஸ்டலில் வேறு வகை வைத்தியம். மழைச் சத்தம் வருகிற ஆப் ஒன்று. ஆடு எண்ணுவது ஒன்று. ''பவர் சிஸ்டம்ஸ் புக்கை எடுத்து ரெண்டு பக்கம் படி, தானா தூங்கிருவே'' என்பது என் ரூம்மேட்டின் ஸ்பெஷல் பிரிஸ்கிரிப்ஷன். நானோ மூணாம் வருஷம் டிரிபிள்-ஈ. அந்தப் புத்தகத்தையும் முடித்துவிட்டேன். இன்டர்னலில் நல்ல மார்க் வந்தது, தூக்கம் வரவில்லை.

சிரித்துக்கொண்டே சொல்கிறேனே தவிர, அன்றைக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. மார்ச் மாசம், மெஷின்ஸ் லேபில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் பக்கத்தில் ரீடிங் எடுத்துக்கொண்டு நின்றேன். ஒரே ஒரு விநாடிதான் என்று நினைத்தேன். யாரோ என் லேப் கோட்டைப் பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தார்கள். திரும்பிப் பார்த்தால், என் ஃப்ரெண்ட் பேயறைந்த மாதிரி நிற்கிறாள். நான் நின்றபடியே தூங்கி, சுத்துகிற ஷாஃப்ட் பக்கமாகச் சாய்ந்திருக்கிறேன். ராத்திரி வராத தூக்கம், பட்டப்பகலில் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்திருக்கிறது. அன்றைக்கு அவள் கேட்டாள், ''உனக்கு என்னதான்டி ஆச்சு?'' எனக்கே தெரிந்தால்தானே சொல்ல!

பழைய பேப்பர் மூட்டையில் ஒரு தாத்தா

மே மாசம், ஃபைனல் இயர் அக்காக்கள் ஹாஸ்டலைக் காலி பண்ணினார்கள். பழைய பேப்பர் கடைக்குப் போக வராண்டாவில் கட்டி வைத்திருந்த மூட்டையில், செங்கல் சைஸில் ஒரு இங்கிலீஷ் புத்தகம். அட்டையில் 'இன்சோம்னியா' என்று கொட்டை எழுத்து. எழுதியவர் ஸ்டீபன் கிங். தூக்கமின்மை என்று பேர் வைத்தால், ஏதோ மருத்துவப் புத்தகம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். புரட்டினால், அது பேய்க்கதை எழுதுகிறவர் எழுதிய நாவல்! 1994-ல் வந்தது. கிட்டத்தட்ட எண்ணூறு பக்கம்.

நான் பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். பேய்க்கதை என்றால் எனக்குத் தெரிந்தது சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்', அப்புறம் அம்மா தன் காலத்தில் சன் டி.வி-யில் பார்த்துவிட்டு இன்னமும் பயந்து பயந்து கதை சொல்கிற 'விடாது கருப்பு'. எண்ணூறு பக்க இங்கிலீஷ் நாவலெல்லாம் வாழ்க்கையில் தொட்டதில்லை. ஆனால், ராத்திரி ரெண்டு நாப்பதிலிருந்து ஆறு மணி வரைக்கும் எனக்கு வேறு என்ன வேலை? பக்கத்தில் மொபைலில் டிக்‌ஷனரியைத் திறந்து வைத்துக்கொண்டு, லீவுக்கு ஊருக்கு வந்து, எழுத்துக்கூட்டி ஆரம்பித்தேன்.

கதை இதுதான். அமெரிக்காவில் மெயின் மாநிலம். அங்கே டெர்ரி என்று ஓர் ஊர். மாநிலம் நிஜம், ஊர் கற்பனை. கிங் அதே மாநிலத்துக்காரர். அந்தக் கற்பனை ஊரை வைத்துப் பல கதை எழுதியிருக்கிறார். அந்த ஊரில் ரால்ஃப் ராபர்ட்ஸ் என்று எழுபது வயசுத் தாத்தா. அவர் மனைவி கரோலினுக்கு மூளையில் கட்டி. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார். கரோலின் இறந்துபோகிறார். அதற்கப்புறம், ரால்ஃபுக்கு ஒரு விநோதமான வியாதி வருகிறது. படுத்தால் தூக்கம் வரும். ஆனால், சீக்கிரமாக முழிப்பு வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் அந்த முழிப்பு நேரம் இன்னும் கொஞ்சம் முன்னால் நகரும்...

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கேயோ அமெரிக்காவில் இருக்கிற ஒருத்தர், என் பெட்ஷீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

இன்னும் கேளுங்கள். ரால்ஃபுக்குத் தூக்கம் வரவில்லை என்று தெரிந்ததும், டெர்ரியில் இருக்கிற ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். வழியில் பார்க்கிறவர், பேச்சுக் கொடுக்கிறவர் என்று எல்லோரிடமும் ஒரு கைமருந்து இருக்கிறது. அவரும் மறுக்க முடியாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறார். எதுவும் பலிக்காது. கசகசாவும் மருதாணிப் பூவும்தான் அங்கே இல்லை. மற்றபடி அது அப்படியே எங்க தெரு! ராத்திரி முழித்துக்கொண்டால், அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத தெருவையே பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் ரால்ஃப் கண்ணுக்கு விபரீதங்கள் தெரிய ஆரம்பிக்கின்றன. ஒவ்வொரு மனுஷரைச் சுத்தியும் ஒரு கலர் வெளிச்சம். தலைக்கு மேலே பலூன் கயிறு மாதிரி ஒன்று நீண்டு போகிறது. அப்புறம், ராத்திரியில் எதிர்வீட்டு வாசலில் மொட்டைத் தலையோடு குள்ளமாக இரண்டு டாக்டர்கள். சாகப்போகிறவர்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அவர்கள். இங்கிருந்துதான் 'ஹாரர்' ஆரம்பிக்கிறது. கிரேக்கக் கதைகளில் மனுஷரோட ஆயுள் நூலை நூற்று, அளந்து, வெட்டுகிற மூணு விதி தேவதைகள் வருவார்கள். அவர்கள் பெயர்களைத்தான் இந்த டாக்டர்களுக்கும், இவர்களோடு சேராத இன்னொரு மொட்டைக் குள்ளனுக்கும் கிங் வைத்திருக்கிறார்.

நிஜத்தைச் சொல்லட்டுமா? அந்த மொட்டை டாக்டர்களைப் பார்த்து எனக்குப் பயம் வரவே இல்லை. பின்பாதி, கொஞ்சம் இழுவை. கிங்கே 2000-ல் வந்த தன் 'ஆன் ரைட்டிங்' புத்தகத்தில், இந்த நாவலை ரொம்ப முயற்சி பண்ணி விறைப்பாக எழுதிவிட்டேன் என்கிற மாதிரி தன்னைத்தானே குட்டிக்கொண்டிருக்கிறார். எனக்குக் குலை நடுங்கினது முதல் நூறு பக்கத்தில்தான். அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஒரு வயசான மனுஷர் படுக்கிறார், முழித்துக்கொள்கிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார், ஜன்னலோரம் போய் உட்கார்கிறார். திரும்பத் திரும்ப அதுதான். தூங்காதவர்களுக்கு மட்டும்தான் தெரியும், உலகத்திலேயே பயங்கரமான பேய் சுவர்க் கடிகாரம்தான் என்று!

ஆனால், ஒரு விஷயம் மட்டும் எனக்கும் ரால்ஃபுக்கும் ஒத்துப்போகவில்லை. நாவலில் அவர் தூக்கம் தானாகப் போகவில்லை. ஒரு காரியத்தை முடிக்கிறதுக்காக, அந்தக் குள்ள டாக்டர்கள்தான் அவரை வேண்டுமென்றே முழிக்க வைத்திருக்கிறார்கள். என்ன காரியம் என்று சொல்ல மாட்டேன், படித்துக்கொள்ளுங்கள். படித்து முடித்த ராத்திரி எனக்குள் ஓடிக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். 'என்னை எதுக்காக முழிக்க வெச்சிருக்காங்க?'

நோட்டில் விட்டுப்போன வரிகள்

பதில் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி ஆறு மாசம் நடித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் லீவில் நான் ஊருக்கு வந்தபோது, அப்பத்தா படுத்த படுக்கை. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ''வயசாயிருச்சு, வீட்ல வெச்சுப் பாத்துக்கங்க'' என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஜீப் டிரைவர். ஏலக்காய் எஸ்டேட் வேலைக்குப் போகிற பொம்பளைங்களை ஏற்றிக்கொண்டு, விடிகாலையில் கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்குள் மலையேறணும். அவர் ராத்திரி தூங்காவிட்டால், அவரை நம்பி ஏறுகிற அத்தனை பேர் உயிருக்கும் ஆபத்து. அம்மா பகலெல்லாம் பார்த்துக்கொண்டு, ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழித்திருப்பார். ஒரு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் என் முறை.

டிரிபிள்-ஈ புத்தி சும்மா இருக்குமா? லேப் அப்சர்வேஷன் மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். நேரம், நாடித்துடிப்பு, எத்தனை ஸ்பூன் தண்ணி, மூச்சு எப்படி... இருபது நிமிஷத்துக்கு ஒரு ரீடிங். அப்பத்தா அதைப் பார்த்து, ''எம் பேத்தி என்னைய வெச்சுப் பரீட்சை எழுதுறா'' என்று சிரிக்கும்.

மார்கழிக் குளிர். அன்றைக்கு ராத்திரி நோட்டில் என் கடைசி வரி: '2.40 - மூச்சு சீராக இருக்கிறது.'

அடுத்த ரீடிங் மூணு மணிக்கு எழுதியிருக்கணும். எழுதவில்லை. தெருமுனையில் வேறொரு ஜீப் ஹாரன் அடிக்கிற சத்தத்தில் திடுக்கிட்டு முழித்தேன். மணி நாலு அஞ்சு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறேன். அப்பத்தா கையைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது.

கேதத்துக்கு வந்த எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். ''கடேசி நேரத்துல பக்கத்துல யாரு இருந்தா?'' அம்மா ஒவ்வொருத்தரிடமும் பெருமையாகச் சொன்னார், ''எம் மகதான் இருந்தா. ராப்பூரா கண்ணு மூடாமப் பாத்தா.'' நான் தலையைக் குனிந்துகொண்டே இருந்தேன். அழுகிறேன் என்று நினைத்தார்கள். பொய் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கருமாதி முடிந்த வாரம், முதல் முறையாக ரெண்டு நாப்பதுக்கு முழிப்பு வந்தது.

எங்கள் பாடத்தில் லாக்-அவுட் ரிலே என்று ஒன்று உண்டு. கரன்ட் லைனில் பெரிய ஃபால்ட் வந்தால் 'டிரிப்' ஆகி, எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அதன் குணம் என்னவென்றால், ஃபால்ட் சரியான பிறகும் அது தானாகப் பழைய நிலைக்கு வராது. ஓர் ஆள் போய், என்ன ஆச்சு என்று பார்த்துவிட்டு, கையால் ரீசெட் பண்ணணும். அதுவரைக்கும் அப்படியேதான் நிற்கும். நானும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன். ரீசெட் பண்ண யாராவது வரணும் என்றால், என்ன ஆச்சு என்று நான் சொல்லணுமே!

காவலுக்கு இருந்தவன் தூங்கிட்டான்

கிங்கின் அந்த நாவல், ஹாரர் கதைகளுக்குக் கொடுக்கிற பிராம் ஸ்டோக்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது என்று படித்தேன். ஸ்டோக்கர் யார் என்று பார்த்தால், நம்ம 'டிராகுலா'வை எழுதியவர்! 1897-ல் வந்த புத்தகம். காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால், இலவசமாகவே கிடைக்கிறது. சரி, அடுத்த ராத்திரிக்கு ஆச்சு என்று மொபைலில் இறக்கினேன். சினிமாவில் பார்த்த டிராகுலா வேறு, புத்தகம் வேறு. புத்தகம் முழுக்கத் தூக்கத்தைப் பற்றித்தான் இருக்கிறது. லூசி என்று ஒரு பொண்ணு, தூங்கவே பயப்படுகிறாள். தூங்கினால்தானே அது வந்து ரத்தம் குடிக்கிறது! அவளைக் காப்பாற்ற வருகிற பெரிய டாக்டர், அவள் கழுத்தைச் சுத்தி வெள்ளைப்பூண்டுப் பூ மாலை போடச் சொல்கிறார். மருதாணிப் பூ வைத்த சித்தி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

சிரிப்பு அந்த அத்தியாயத்தோட சரி. லூசிக்குக் காவலாக, சீவர்ட் என்கிற சின்ன டாக்டர் ராத்திரி பூரா முழித்திருப்பார். ரெண்டு ராத்திரி தூங்காமல் பார்த்துக்கொள்வார். மூணாவது ராத்திரி, அவர் கண்ணு சொருகுவதைப் பார்த்துவிட்டு லூசியே சொல்வாள், பக்கத்து அறையில் போய்ப் படுங்கள், ஏதாவது என்றால் கூப்பிடுகிறேன் என்று. அவர் போய்ப் படுப்பார். அடித்துப் போட்ட மாதிரித் தூங்கிவிடுவார். காலையில் பெரிய டாக்டர் வந்து எழுப்பிப் பார்த்தால், லூசி வெளுத்துப்போய்க் கிடப்பாள்.

மொபைலைக் கவிழ்த்து வைத்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அதற்கு மேல் படுத்திருக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு திண்ணைக்கு வந்தேன்.

தாத்தா அங்கேதான் படுப்பார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். சத்தம் போடாமல் படியில் உட்கார்ந்தேன். காற்று 'ஹோ'வென்று அடித்தது.

''மணி மூணு ஆயிருக்குமா பாப்பா?'' என்றார் தாத்தா, திரும்பாமலே.

தூக்கிவாரிப் போட்டது. ''தூங்கலையா தாத்தா?''

''ஒங்கப்பத்தா போனதுலேருந்து எங்க தூங்குறேன்? கண்ணை மூடிக்கிட்டுக் கெடப்பேன். நீ தெனமும் ஜன்னலைத் தொறக்குற சத்தம் கேக்கும். சரி, புள்ள படிக்குதுன்னு இருந்துருவேன்.''

ரால்ஃபின் கதையிலும் இப்படி ஓர் இடம் உண்டு. லோயிஸ் என்று அவருக்குத் தெரிந்த அம்மா ஒருவர். அவருக்கும் தூக்கம் போய்விட்டது என்பது கதையில் பாதி தூரம் போன பிறகுதான் ரால்ஃபுக்குத் தெரியவரும். ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி, ரெண்டு பேரும் ஒரே ஊர், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருப்பார்கள். எங்கள் விஷயத்தில் ஒரே ஊர்கூட இல்லை, ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர்!

என்ன தைரியம் வந்ததோ, சொல்லிவிட்டேன். நோட்டு, ரெண்டு நாப்பது, நாற்காலியில் தூங்கினது, அம்மா பெருமையாகச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்தது... எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

தாத்தா எழுந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

''நீ தூங்குனது எனக்குத் தெரியுமே'' என்றார்.

''என்ன தாத்தா சொல்றீங்க?''

''மூச்சு மாறுற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. எந்திரிச்சு உள்ள வந்தேன். நீ தலையைச் சாச்சுத் தூங்கிக்கிட்டு இருந்த. மடியில நோட்டு. நான் அவ தலைமாட்டுல உக்காந்து ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டேன். எறங்குச்சு. கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். கொஞ்ச நேரத்துல அடங்கிருச்சு.''

''ஏன் என்னை எழுப்பல?''

''எதுக்கு எழுப்பணும்? எழுப்புனா நீ கத்துவ. ஒங்கப்பன் ஓடியாருவான். ஊரே கூடிரும். அம்பத்தாறு வருசம் கூட வாழ்ந்தவ. அரை மணி நேரம் எனக்குன்னு வேணாமா?'' குரல் கொஞ்சம் கம்மிப்போய், திரும்ப வந்தது. ''ஹாரன் சத்தம் கேட்டதும் வந்து படுத்துக்கிட்டேன். காவலுக்கு இருந்தவ நீ. நீ பாத்துச் சொல்றதுதான் முறைன்னு இருந்துட்டேன். அது இப்பிடி ஒன்னைப் புடிச்சுக்கிட்டு ஆட்டும்னு தெரியாமப் போச்சே சாமி.''

தாத்தா வயசுக்காலத்தில் மலையடிவாரத்துக் கடலைக் காட்டில் பரண் போட்டுப் பன்றிக்குக் காவல் இருந்தவர். அந்தக் கணக்கிலேயே சொன்னார். ''காவலுக்கு ஏறுனவன் எறங்கவும் தெரியணும். வெள்ளாமை வீடு வந்து சேந்த பெறகும் பரண்லயே உக்காந்திருந்தா, அவன் காவக்காரன் இல்லை, கிறுக்கன். எறங்கி வா.''

அப்பத்தா அடிக்கடி சொல்லும், ஜாமத்தில் கருப்பசாமி ஊரைச் சுத்திக் காவல் வருவார், அதனால் நாம தைரியமாகத் தூங்கலாம் என்று. அந்த ராத்திரி எனக்கு என்னவோ, எங்கள் வீட்டைச் சுத்தி ஆறு மாசமாகக் காவல் இருந்தது தாத்தாதான் என்று தோன்றியது.

கதை முடியலை!

அன்றைக்கு ராத்திரியே நான் கும்பகர்ணன் ஆகிவிட்டேன் என்று முடித்தால், அது சினிமா. மறுநாளும் ரெண்டு நாப்பதுக்கு முழிப்பு வந்தது! மனசு இறங்கிவிட்டது, உடம்பு இன்னும் பரணில் இருக்கிறது என்று புரிந்தது. தேனியில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன்.

தூக்க மாத்திரை எழுதுவார் என்று நினைத்தேன். எழுதவில்லை. படம் போட்டு விளக்கினார். ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பகுதி, ராத்திரியின் முதல் மூணில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். அதற்கப்புறம் வருவது லேசான தூக்கமும் கனவுத் தூக்கமும்தான். பத்து மணிக்குப் படுக்கிற ஆளுக்கு ரெண்டரை, மூணு மணி என்பது சுலபமாக முழிப்பு வருகிற நேரம். எல்லோருக்கும் முழிப்பு வரும், திரும்பத் தூங்கிவிடுவார்கள், காலையில் ஞாபகம் இருக்காது. நான் மட்டும் முழித்ததும் மணி பார்த்தேன், பயந்தேன். பயந்ததால் தூங்கவில்லை. அடுத்த நாள் அந்த நேரத்துக்காகவே உடம்பு காத்திருக்க ஆரம்பித்தது.

தூக்கமின்மை தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும், அது நீடிப்பதற்கு வேறு காரணம் இருக்கும் என்றார். எனக்குத் தொடங்கி வைத்தது அப்பத்தா இறந்த ராத்திரி. நீட்டித்தது, நானே பழகிக்கொண்ட பழக்கங்கள். பகலில் தூக்கம், படுக்கையில் மொபைல், ஒன்பது மணிக்கே போய்ப் படுத்துக்கொள்வது... எல்லாம்!

இதற்கென்றே ஒரு பேச்சு - பழக்கச் சிகிச்சை இருக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முதலில் இதைத்தான் கொடுக்கணும் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதில் ஒரு பகுதி, ரிச்சர்ட் பூட்சின் என்கிற உளவியலாளர் 1972-ல் எழுதினது. ரொம்ப சிம்பிள். தூக்கம் வந்தால் மட்டும் படு. முழிப்பு வந்து தூக்கம் வராவிட்டால், படுக்கையை விட்டு எழுந்து போ. தூக்கம் வந்ததும் திரும்பி வா. எந்நேரம் தூங்கினாலும், காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திரு. பகலில் தூங்காதே. 'படுக்கை என்றால் தூங்குகிற இடம்' என்று உடம்புக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்கிற வேலை. என் பங்குக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அடுப்படியில் மாட்டிவிட்டேன்.

முழிப்பு வந்தால் எழுந்து எங்கே போவது? திண்ணைக்குத்தான். தாத்தாவும் நானும் பேசிக்கொண்டிருப்போம். அப்பத்தாவைப் பெண் பார்க்கப் போன கதை, கல்யாணத்துக்கு மாட்டு வண்டி கட்டின கதை. தூக்கம் வந்ததும் போய்ப் படுத்துக்கொள்வேன். முதல் ரெண்டு வாரம் நரகம். மூணாவது வாரத்தில் ஒரு நாள், கண்ணைத் திறந்தால் ஜன்னலில் வெளிச்சம்! அப்பா ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பின சத்தம்கூடக் கேட்கவில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்படியே, அந்த மார்கழி ராத்திரி விஷயத்தையும் சொன்னேன். அம்மா என் தலையைத் தடவிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ''இத்தனை நாள் இதையா வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டு இருந்த?''

இப்போதும் மாசத்தில் ஒன்றிரண்டு நாள் முழிப்பு வரத்தான் செய்கிறது. பரீட்சை நேரமென்றால் கூடுதலாக. ஆனால், பயம் வருவதில்லை. ஹாஸ்டலில் ராத்திரி வராண்டாவில் ஒரு லைட் எரிந்தால், போய் ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறேன். 'தூக்கம் வரலையா?' என்று கேட்பதில்லை. வைத்தியம் எதுவும் சொல்வதில்லை. 'எத்தனை மணிக்கு முழிப்பு வருது?' என்று கேட்கிறேன். அதற்கப்புறம் அவர்களே பேசுகிறார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு மணி இருந்தால், முதலில் வீட்டில் ஒருத்தரிடம் சொல்லுங்கள். அப்படியே டாக்டரையும் பாருங்கள். நேரில் போகத் தயக்கமென்றால், 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மனஸ் இருக்கிறது. 14416-க்கு எந்நேரமும் அடிக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்த அப்சர்வேஷன் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. விட்டுப்போன வரியைப் போன வாரம்தான் நிரப்பினேன். '3.00-க்கு மேல் - தாத்தா பக்கத்தில் இருந்தார். ரெண்டு சொட்டுத் தண்ணி. பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.'